பூட்டிய வீட்டுக்குள் ஒரு நாயகி: காதல், சிறை, விடுதலை நாவலை எழுதும் முறை

நாயகியைக் காதலிக்க வைத்து, அடைத்து வைத்து, கடைசி அத்தியாயத்தில் யாரையாவது கொண்டு மீட்க வைக்கும் கதைகள் தமிழில் வாராவாரம் வருகின்றன. அவற்றில் பல நடுவிலேயே தளர்ந்து போவதற்குக் காரணம் அந்த 'வைத்து'தான். எல்லாம் அவளுக்கு நடக்கிறது. அவளாகச் செய்வது அழுகையும் மயக்கமும் மட்டும். சொந்தப் புத்தியில் நிற்கிற பெண்ணை எழுத விரும்புகிறவர்கள் முதல் வரைவை முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுத்து, அவள் எழுவாயாக வரும் வினைகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். அழுதாள், நடுங்கினாள், திகைத்தாள், வெறித்தாள் ஆகியவற்றை அடித்துவிடுங்கள். கேட்டாள், மறைத்தாள், எண்ணினாள், பொய் சொன்னாள், மறுத்தாள், பேரம் பேசினாள் என்பது போல ஐந்தாறு வினைகளாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் அந்த அத்தியாயம் அவளுடையது இல்லை. அங்கே திருத்தத்தைத் தொடங்குங்கள்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கதை தமிழ்நாட்டில் இன்று நடப்பது. வயது வந்த ஒரு பெண், வீட்டுக்குப் பிடிக்காத காதல், வீட்டுக்காவல், வெளியேற்றம். அந்நியன் கடத்திப் போகும் கதைக்கும் இதே வேலைமுறை பொருந்தும். அதற்கென்று தனி எச்சரிக்கைகள் பின்னால் இருக்கின்றன.

எலும்புக்கூடு நம்மிடம் உண்டு

இந்தக் கதைக்கு வெளியிலிருந்து 'மூன்று அங்க' வரைபடத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. சங்கக் காதல் பாடல்களின் அகத்திணை மரபு இதைத் துறை துறையாகப் பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கிறது: களவு (மறைவான காதல்), அலர், இற்செறிப்பு, வெறியாட்டு, அறத்தொடு நிற்றல் (காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவது), உடன்போக்கு (காதலனோடு வீட்டைவிட்டுப் போவது). ஒவ்வொன்றையும் ஒரு கதைக்கட்டமாக எடுத்துக்கொள்ளலாம்.

இற்செறிப்பு என்றால் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திக் காப்பது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊர்ப்பேச்சான அலர் தாயின் காதுக்கு எட்டுவது. இன்னொன்றில் யாருடைய கோபமும் தேவையில்லை: தினை விளைந்து அறுவடையானதும் தினைப்புனத்தைக் காக்கும் வேலை முடிகிறது, கிளியோட்டப் போன பெண் வீட்டுக்குத் திரும்புகிறாள், சந்தித்த இடமே இல்லாமல் போகிறது. இந்த இரண்டாவது வழியை நாவலாசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். கடைசிப் பருவத் தேர்வு முடிவது இன்றைய தினை அறுவடை. விடுதி அறையைக் காலி செய்கிற நாள், பயிற்சி முடிகிற நாள், கிளை அலுவலகம் மூடப்படுகிற நாள் எல்லாமே அப்படித்தான். இற்செறிப்பு முதலில் இப்படிச் சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு அலர் வந்து பூட்டு விழுந்தால் வாசகர் நம்புவார். அண்ணன் ஒரு கைப்பேசிப் படத்தைப் பார்த்தான், அறைந்தான், பூட்டினான் என்று ஒரே பக்கத்தில் முடித்தால் நம்பமாட்டார்.

வெறியாட்டில், மகள் மெலிவதைக் கண்ட தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள்; அவன் முருகன் பிடித்திருக்கிறான் என்று சொல்லி ஆட்டுக்குட்டியைப் பலியிடுகிறான். உண்மைக் காரணம் தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், தாய்க்குத் தெரியாது. இன்றைய வீட்டில் இதன் இடத்தில் தாயத்து, மந்திரித்த தண்ணீர், பரிகாரக் கோயில், ஜாதகத்தில் 'நேரம் சரியில்லை' எல்லாம் வரும். இந்தக் காட்சியைக் கேலியாக எழுதாதீர்கள். அந்தத் தாய் உண்மையிலேயே பயந்து போயிருக்கிறாள். மகளின் கையில் கயிறு கட்டும்போது அவள் விரல் நடுங்கட்டும். கயிற்றை அவிழ்க்காமல் இருப்பதா, கழற்றி எறிவதா என்று நாயகி எடுக்கும் முடிவு, மொத்த நாவலிலும் அவள் குணத்தைக் காட்டும் நல்ல இடங்களில் ஒன்று.

அறத்தொடு நிற்றல்தான் மிகப் பயனுள்ள துறை. தலைவி தோழிக்குச் சொல்வாள். தோழி வளர்ப்புத்தாயான செவிலிக்கு, செவிலி பெற்றதாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். செய்தி கைமாறும்தோறும் சொற்கள் மாறும். வெள்ளத்தில் இழுத்துப்போனவளை அவன்தான் கரைசேர்த்தான், மதயானையிடமிருந்து அவன்தான் காத்தான் என்று தோழி அந்த உறவுக்கு ஒரு நன்றிக்கடனின் வடிவம் கொடுப்பாள். நாவலில் இதை நான்கு சிறு காட்சிகளாக எழுதுங்கள். தோழி சித்தியிடம் சொல்வது ஒரு விதம்: "அன்னிக்கு பஸ்ஸுல ஒருத்தன் வம்பு பண்ணான் சித்தி. இவரு இல்லைன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க." சித்தி அம்மாவிடம் அதையே வேறாகச் சொல்வாள். அப்பாவின் காதுக்குப் போகும்போது அதில் சாதிப்பெயர் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு காதல் எப்படி ஒரு குற்றமாக மாறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டமுடியாது.

இந்த மரபில் உடன்போக்குக்குப் பிறகு பெரும்பாலும் நாம் கேட்பது தாயின் புலம்பலை. போனவள் என்ன ஆனாள், போன இடத்தில் அவள் விருப்பம் என்ன ஆனது என்பது உங்களுக்காக விட்டுவைக்கப்பட்ட பகுதி.

விடுதலைக்கான கருவியை அடைபடும் முன்பே கொடுங்கள்

இதற்கு மணிமேகலைக் காப்பியத்தைவிட நல்ல பாடம் இல்லை. காப்பியத்தின் 30 காதைகளில் 22ஆவது சிறைசெய் காதை, 23ஆவது சிறைவிடு காதை. அவள் அடைபடுவதற்கு வெகுமுன்பே மணிபல்லவத் தீவில் தெய்வம் மூன்று மந்திரங்களைக் கொடுத்துவிடுகிறது: வேற்றுருக் கொள்வது, வானில் செல்வது, பசியைத் தாங்குவது. மகன் உதயகுமரனை இழந்த அரசமாதேவி அவளை வதைக்கும்போது இவற்றுக்கு வேலை வருகிறது. சித்தம் கலங்க மருந்து ஊட்டுகிறாள். முற்பிறப்பை அறிந்தவளாதலால் இவள் கலங்கவில்லை. முரடன் ஒருவனை ஏவுகிறாள்; இவள் ஆணுருக் கொள்கிறாள். நோய் என்று சொல்லிப் புழுக்கறையில் உணவின்றி அடைக்கிறாள். பசி மந்திரம் காக்கிறது. படிப்பவருக்கு இவற்றில் எதுவும் திடீரென்று முளைத்ததாகத் தோன்றாது.

இன்னும் கூர்மையான இடம் ஒன்று இருக்கிறது. வானில் செல்லும் மந்திரம் கையில் இருந்தும் அவள் பறந்து போய்விடவில்லை. முற்பிறப்பில் தன் கணவனாக இருந்த உதயகுமரனைப் பெற்றவள் இந்த அரசி; அவளுடைய துயரைத் தீர்க்கவே தங்கினேன் என்கிறாள். வெளியேறும் வழி இருந்தும் தன் காரணத்துக்காக நிற்பவள் கைதியாக இருந்தாலும் யாருக்கும் அடங்கியவள் இல்லை. உங்கள் நாவலின் நடுவில் இப்படி ஒரு கணம் வேண்டும். கொல்லைக்கதவு ஒருநாள் திறந்து கிடக்கட்டும். அவள் போகாமல் இருக்கட்டும். ஏன் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கட்டும். சான்றிதழ்கள் இன்னும் அப்பாவின் பீரோவில் இருக்கின்றன, தங்கைக்கு அடுத்த வாரம் பொதுத்தேர்வு, இரவு எட்டு மணிக்கு மேல் அந்த ஊரிலிருந்து பேருந்து இல்லை. காரணம் பயமாக மட்டும் இருந்தால் அந்தக் காட்சி அவளைச் சிறிதாக்கிவிடும்.

எழுதத் தொடங்குமுன் நிரப்ப வேண்டிய ஒரு பக்கம்

மந்திரத்தின் இடத்தில் இன்றைய நாயகியிடம் என்ன இருக்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதி. இதில் தவறினால் கதையே வேறாகிவிடும். 18 நிறையாதவள் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளே வரும்; காதலன் குற்றம் சாட்டப்பட்டவன் ஆவான். ஒரு நாள் குறைந்தாலும் அப்படித்தான். திருமணத்துக்கு ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். நாயகனை 20 வயது மூன்றாமாண்டு மாணவனாக வைத்துவிட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வைக்கும் பிழை அடிக்கடி நடக்கிறது.

கைப்பேசி எண் யார் பெயரில்? வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது? ஆதாரில் இணைத்த எண் அப்பாவுடையது என்றால், அவள் எதைச் செய்ய முயன்றாலும் ஓடிபி அவர் சட்டைப்பையில் மணியடிக்கும். இந்த ஒரு விவரம் பத்துப் பக்க வருணனையைவிட இறுக்கமான சிறைச்சுவர்.

சான்றிதழ்கள் எங்கே? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வயதுக்கும் ஆதாரம் என்பதால் அதைத்தான் முதலில் எடுத்து ஒளிப்பார்கள்.

அவள் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கைப்பேசி எண்கள் எத்தனை? கருவி பறிபோனால் பெரும்பாலோருக்கு ஒரு எண் கூட நினைவில் இருப்பதில்லை. அவளுக்கு ஒன்று நினைவில் இருக்க வேண்டுமானால், அதற்கான காரணத்தை மூன்றாம் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள்.

காதலன் அல்லாத ஒருவர், அவள் காணாமல் போனதை முதலில் கவனிப்பவர் யார்? விடுதி அறைத்தோழி, அலுவலகத்தில் கூட உட்காருபவர், அவளிடம் டியூஷன் படித்த பிள்ளையின் தாய். இந்த ஆள் இல்லாவிட்டால் விடுதலை முழுவதும் காதலன் தலையில் விழுந்துவிடும்.

கடைசியாக, காதலன் நாளைக்கே விலகிப் போய்விட்டால் அவளுக்கு என்ன வேண்டும்? ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'சந்தோஷமாக வாழ' என்று எழுதினால் செல்லாது. 'நர்சிங் கவுன்சிலில் பதிவை முடித்து இரவுப்பணி வேலைக்குப் போக' என்று எழுதினால் செல்லும். இந்த வாக்கியம் எழுத வராத நிலையில் முதல் அத்தியாயத்தைத் தொடங்கவே வேண்டாம்.

காதல் பகுதி

இதற்கு நீளம் தேவையில்லை, திருத்தம் தேவை. காதலன் அவளுடைய எந்த முடிவையாவது மாற்றப் பார்க்கிற காட்சி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்: அந்த வேலை வேண்டாம், அந்தத் தோழி வேண்டாம், அந்த உடை வேண்டாம். அவள் மறுக்க, அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவனும் அவள் அப்பாவும் ஒருவரா வேறா என்பது தெரியும். வீட்டுச் சிறையிலிருந்து வந்தவளை இன்னொரு பூட்டுக்குள் அனுப்பிவைத்து 'சுபம்' போடும் பிழை இங்கே தொடங்குகிறது. அதனால் இங்கேயே பிடித்துவிடுங்கள்.

அறை

நாவலின் உயிர் இங்கே இருக்கிறது. எழுத எழுத ஒரே மாதிரி ஆகிவிடும் ஆபத்தும் இங்கேதான்.

முதலில் வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். வாசல், கூடம், அடுக்களை, கொல்லை, மாடிப்படி, மொட்டைமாடிக் கதவு. தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? கழிவறை அறைக்குள்ளா, கொல்லையிலா? கொல்லையில் என்றால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கதவு திறக்கிறது, யாரோ கூடப் போகிறார்கள். யார் என்பது கதையில் முக்கியம். நாப்கின் வாங்கக் கடைக்குப் போகிற ஆள் யார்? அண்ணன் போகமாட்டான். அண்ணியோ தங்கையோ போவாள். ஆண்கள் நிற்கும் காவலில் இயல்பாக விழும் ஓட்டை இது. செய்தி வெளியே போக வேண்டுமானால் இந்த வழி நம்பத்தக்கது.

நம் வீடுகளில் சிறை என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். "உன்னை யாரு கண்ணு அடைச்சு வெச்சிருக்கா? காத்துக்குக் கதவு சாத்தியிருக்கு. சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டே கொங்குப் பக்கத்து அத்தை வெளியே தாழிடுவாள். உறவுச்சொல்லும் அன்பும் அப்படியே இருக்க, தாழ் மட்டும் விழ வேண்டும். கரகரத்த குரலில் மிரட்டும் வில்லனைவிட இது பயங்கரம், உண்மையும் இதுதான். காவலர்கள் எல்லோரையும் ஒரே குரலில் பேசவிடாதீர்கள். அம்மா பட்டினி கிடப்பாள், பாட்டி பழங்கதை சொல்லிக் கரைப்பாள், அண்ணன் அடிப்பான், அப்பா பேசவே மாட்டார், மாமா சமாதானம் பேச வந்து மாப்பிள்ளையின் படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார். "நீ அவனோட போனா நான் மருந்தக் குடிச்சிடுவேன்" என்ற மிரட்டல் பல வீடுகளில் பூட்டைவிட வலுவானது. அதை ஒரே முறைதான் பயன்படுத்தலாம். இரண்டாம் முறை வந்தால் வாசகர் மனம் மரத்துவிடும்.

நாள் எண்ணும் முறையைத் தேர்ந்தெடுங்கள். சுவரில் கோடு கிழிப்பது சினிமா. பால் பாக்கெட்டில் அச்சான தேதி, தினசரிக் காலண்டர் தாள் கிழிகிற ஓசை, குழாயில் தண்ணீர் வரும் முறைநாள், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, பள்ளிவாசல் பாங்கு, அடுத்த தெருப் பள்ளியின் மணி இவையெல்லாம் நம் ஊர்க் கடிகாரங்கள். உறவினர் வீட்டுக்கு, வேறு மாவட்டத்துக்கு இரவோடிரவாக மாற்றினால் இந்தக் கடிகாரங்கள் எல்லாம் நின்றுபோகும். அந்த இழப்பை எழுத இரண்டு பத்தி போதும், ஆனால் கட்டாயம் எழுதுங்கள்.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். நடக்காத கால்கள் சோர்ந்து போகும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பாள். மலச்சிக்கல் வரும். சாப்பிட மறுத்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் தலைசுற்றும். தண்ணீரையும் மறுத்தால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. பத்து நாள் ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்துவிட்டு மதிலேறிக் குதிக்கும் நாயகியை எழுதினால், மருத்துவம் தெரிந்த ஒரு வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

அவள் செய்யும் வேலை இந்தப் பகுதியில் மூன்று வகைப்படும்: தகவல் சேர்ப்பது, ஆள் சேர்ப்பது, நடிப்பது. அண்ணியின் பகைமை எங்கே மெலிகிறது என்று பார்ப்பது தகவல். தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அவள் மனதைத் தொடுவது ஆள் சேர்ப்பது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் புடவை கட்டி காப்பித் தட்டோடு வருவது நடிப்பு. மூன்றாவது எளிதாகக் கெட்டுவிடும். அவள் நடிக்கிறாள் என்பதை வாசகரிடமிருந்து மறைத்துக் கடைசியில் திருப்பமாகக் காட்ட ஆசை வரும். மறைக்காதீர்கள். அவளோடு சேர்ந்து பயப்படும் வாசகர்தான் பக்கம் திருப்புவார்.

கடத்தியவனே காதலன் என்றால்

இணையத் தொடர்களில் 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் இது பெருகிவிட்டது. கடத்துகிறான், தாலி கட்டுகிறான், அடிக்கிறான், பிறகு கலங்குகிறான், அவள் மன்னிக்கிறாள். கட்டாயத் திருமணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதை எழுதக்கூடாது என்று சொல்லவரவில்லை. அதற்குக் காதல் என்று பெயர் வைத்துவிட்டு எழுதக்கூடாது.

இதற்குச் சாக்காக, அடைத்து வைத்தவன்மேலேயே கைதிக்குப் பற்று வருவதைக் குறிக்கும் 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்ற சொல்லை இழுப்பவர்கள் அதன் மூலக்கதையைப் படிக்க வேண்டும். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக்குள் நான்கு பணயக்கைதிகள் ஆறு நாள் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், ஸ்வீடன் பிரதமர் உலோப் பால்மேயிடம் தொலைபேசியில் பேசி, போலீஸ் உள்ளே பாய்ந்தால் தாங்கள் சாவோம் என்ற அச்சத்தைச் சொன்னார். துப்பாக்கி முனையில் உயிரோடு இருக்க எது உதவும் என்று கணக்குப் பார்த்த அறிவு அது. அதற்குக் காதல் என்று பெயரில்லை. உங்கள் நாயகி கடத்தியவனிடம் மென்மையாகப் பேசலாம், அவன் குழந்தைப் பருவத்தைக் கேட்கலாம், அவனுக்காக இரக்கப்படவும் செய்யலாம். ஆனால் 'என்னை வெளியே விட்டால் நான் என்ன செய்வேன்' என்ற கணக்கு அவள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அவன்மேல் உண்மையிலேயே பற்று வர வேண்டும் என்று கதை கேட்டால் ஒரே நிபந்தனை: அவன் கதவைத் திறந்து, அவள் போய், தன் காசில், தன் கூரையின்கீழ் பல மாதம் வாழ்ந்த பிறகு அந்தக் கேள்வியை எழுப்புங்கள். பூட்டுக்குள் சொன்ன சம்மதம் எதையும் சம்மதமாக எண்ணாதீர்கள்.

கதவு திறக்கும் அத்தியாயம்

நாயகன் நான்கு பேரை அடித்துப்போட்டு மீட்பதற்குப் பதில், தமிழ்நாட்டில் உண்மையில் நடக்கும் வழி ஒன்று இருக்கிறது; அது நாடகத்துக்கும் செழிப்பானது. அடைபட்டவரைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு. அரசமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது. அடைபட்டவளால் வரமுடியாது என்பதால் அவளுக்காக இன்னொருவர் போடலாம். கணவரோ, தோழியோ, நண்பரோ. தென்மாவட்டக் கதை என்றால் மதுரைக் கிளை. அந்தக் கிளை 2004இல்தான் தொடங்கியது. 1998இல் நடக்கும் கதையில் சென்னைக்குத்தான் போக வேண்டும். இரண்டு நீதிபதிகள் அமர்வு கேட்கும், போலீஸ் அவளைத் தேடி முன்னிறுத்தும்.

பிறகு நீதிபதி அவளிடம் கேட்கிறார்: யாருடன் போக விரும்புகிறாய்? வயது வந்தவள் என்றால் அவள் சொல்வதே முடிவு. நாவல் முழுவதும் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்; இங்கே அவள் ஒரு வாக்கியம் பேச வேண்டும். அந்த வாக்கியத்துக்காகவே இருநூறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். முந்தின இரவை ஒரு முழு அத்தியாயமாக்குங்கள்: வீட்டில் எல்லோரும் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள், 'பெற்றோருடன் விருப்பப்பட்டுத்தான் இருக்கிறேன்' என்று சொன்னால் மனு முடிந்துவிடும் என்று வக்கீல் விளக்குகிறார், அம்மா காலைப் பிடிக்கிறாள். நீதிமன்றத்தில் அவள் பெற்றோரையும் சொல்லாமல் காதலனையும் சொல்லாமல், "விடுதியில தங்கி வேலைக்குப் போறேன்" என்று சொல்லவும் முடியும். வாசகர் எதிர்பார்க்காத, அதே சமயம் அவள் குணத்துக்கு முழுதும் பொருந்திய பதிலாக அது அமையலாம்.

சட்டம் சார்ந்த சில அளவுகள் கைவசம் இருக்கட்டும். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கதையில் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவெண்களைப் போடாதீர்கள். அதற்கு முந்தைய கதையில் புதிய எண்களைப் போடாதீர்கள். சட்டவிரோதமாக அடைத்துவைப்பது புதிய சட்டத்தில் 127ஆம் பிரிவு. பொதுவாக ஓராண்டு வரை, மூன்று நாளோ அதற்கு மேலோ ஆனால் மூன்றாண்டு வரை, பத்து நாளோ அதற்கு மேலோ ஆனால் ஐந்தாண்டு வரை சிறை. நாள் எண்ணும் நாயகிக்கு இந்த எல்லைகள் தெரிந்திருந்தால் அவளுடைய எண்ணிக்கைக்கே பொருள் கூடுகிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படுவதே அலராக மாறும் இடம். சுயமரியாதைத் திருமணத்துக்குப் புரோகிதர் வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ தாலியோ போதும். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் இதைச் செல்லும்படியாக்கியது. வயது வந்த இருவர் மணந்துகொள்ள குடும்பமோ ஊர்க்கட்டுப்பாடோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, இத்தகையோருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்கவும் வழிகாட்டியது. பெண்கள் உதவிக்கு அழைக்கும் எண் 181. கைக்குக் கிடைத்த பக்கத்துவீட்டுக் கைப்பேசியில் ஒரு நிமிடம் மட்டும் இருந்தால் அவள் அழைக்க வேண்டியது காதலனையா, 181ஐயா? அந்தத் தயக்கத்தை எழுதுங்கள்.

வெளியே வந்த பிறகு

பெரும்பாலான நாவல்கள் இங்கே நின்றுவிடுகின்றன. காவலில் இருந்து வந்தவளுக்கு அழைப்புமணி அடித்தால் நெஞ்சு அடைக்கும். உணவகத்தில் என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. இரண்டு மாதம் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லையே. கதவைச் சாத்தித் தூங்கமுடியாது, திறந்துவைத்தும் தூங்கமுடியாது. காதலன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் எரிச்சலடைகிற நாள் வரும். அம்மாவின் குரல் கேட்காமல் இருப்பது வலிக்கும். இந்த ஏக்கத்தை எழுதத் தயங்குபவர்கள் நாயகியின் உறுதி குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். குறையாது. அம்மாவை நினைத்து அழுதுகொண்டே அம்மாவின் அழைப்பை எடுக்காமல் இருப்பவள் உறுதியானவள்.

உலகியல் வேலைகளும் நிறைய: ஆதாரில் எண் மாற்றுவது, சான்றிதழ் நகலுக்கு விண்ணப்பிப்பது, புதிய வங்கிக் கணக்கு, முன்பணம் கேட்கும் வீட்டுக்காரர், 'சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்மா' என்ற கேள்வி. ஒவ்வொன்றும் அரைப்பக்கம். விடுதலை எவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் என்பதை ரூபாய்க் கணக்கோடு எழுதுங்கள்: கையில் இருந்தது எவ்வளவு, மோதிரத்துக்குக் கிடைத்தது எவ்வளவு, முதல் சம்பளம் வர எத்தனை நாள்.

அளவு

60,000 சொல் நாவல், 40 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,500 சொல் என்று கொள்வோம். பூட்டு விழுவது 12ஆம் அத்தியாயத்தின் கடைசியில். காவல் 14 அத்தியாயம். வெளியேற்றத்துக்கு மூன்று. மிச்சம் 11 அத்தியாயமும் அதற்குப் பிந்திய வாழ்க்கைக்கு. காவலை 46 நாளாக வைத்தால் அதைச் சமமாகப் பங்கிடாதீர்கள். முதல் மூன்று நாளுக்கு நான்கு அத்தியாயம். நடுவிலிருக்கும் நாற்பது நாளுக்கு ஐந்து. கடைசி மூன்று நாளுக்கு ஐந்து. நடுப்பகுதி வேகமாகப் போவதுதான் அங்கே நாட்கள் ஒன்றோடொன்று குழம்புவதைக் காட்டும்.

காவல் பகுதியில் காதலன் பக்கத்துக் காட்சிகளை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அவன் என்ன செய்கிறான் என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டால் அறைக்குள் காற்று வந்துவிடும். அவளுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாமல் இருக்கட்டும்.

வாரத் தொடராக வெளியிடுபவர்கள் முதல் அத்தியாயத்தை ஏற்றுமுன் குறைந்தது 29ஆம் அத்தியாயம் வரை, அதாவது அவள் நீதிமன்றத்திலிருந்து வெளியே நடந்து வரும் வரை, எழுதி முடித்திருங்கள். நடுவில் வாசகர்கள் கேட்பார்கள்: அண்ணனை மன்னிக்கச் சொல்லுங்கள், அப்பாவுக்கு நெஞ்சுவலி வரட்டும், குடும்பம் ஒன்று சேரட்டும். அன்பினால்தான் கேட்கிறார்கள். எழுதி முடிக்காமல் இருந்தால் கை அந்தப் பக்கம் சாயும். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அத்தியாயத்தில் அவள் பூட்டுக்குள் திரும்பிப் போய்விடுவாள்.